பாகு பூசிய கறி உருண்டை: கிழக்காசியப் பிசைமுறையும் வீட்டு அடுப்பும்

கொத்துக்கறியை உருண்டையாகப் பிடித்து வேகவைத்து, சோயா சாஸும் இனிப்பும் புளிப்பும் கூடிய பாகில் புரட்டி, மேலே எள்ளும் வெங்காயத்தாளும் தூவிப் பரிமாறும் உணவு ஒன்று, கடந்த சில பத்தாண்டுகளில் அமெரிக்க, ஐரோப்பிய வீட்டுச் சமையல் நூல்களில் ‘ஆசியப் பாணி’ என்ற அடைமொழியோடு நிலைபெற்று, அங்கிருந்து இந்திய நகரங்களின் அடுக்களைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த அடைமொழி சுட்டும் ஆசியா மிகவும் குறுகியது. கோஃப்தாவை வளர்த்த பாரசீகத்துக்கோ கோலா உருண்டையை வளர்த்த தமிழகத்துக்கோ அதில் இடமில்லை. சீனா, ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா ஆகியவற்றையே அது மனத்தில் கொள்கிறது. அந்நாடுகளிலிருந்தும்கூட, புட்டியில் அடைத்து விற்கத் தோதான சாஸ்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. கறியைப் பிசைந்து உருண்டையாக்கும் நுட்பம் பின்தங்கிவிட்டது. வீட்டில் இவ்வுணவு சரியாக அமையாமல் போகும்போது குறை பெரும்பாலும் பாகின் மேல் சுமத்தப்படுகிறது, ஆனால் குறை இருப்பது உருண்டையில்தான் என்பதும், அதைத் தீர்க்கும் வழி கிழக்காசியச் சமையலிலேயே நெடுங்காலமாக இருந்துவருகிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகள்.

சீனத்தின் பழைய சடங்கு நூலான ‘லீஜி’யில், மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் இறைச்சியைச் சம அளவில் எடுத்துச் சிறிதாக நறுக்கி, கறி ஒரு பங்குக்கு அரிசி இரண்டு பங்காகச் சேர்த்துத் தட்டிப் பொரித்தெடுக்கும் பண்டம் ஒன்று சொல்லப்படுகிறது. பொ.ஆ. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே தொகுத்த ‘சீமின் யாவ்ஷு’ என்னும் வேளாண் நூல் இன்னும் தெளிவாக, ஆட்டுக்கறியும் பன்றிக்கறியும் சம எடையில் கலந்து, இஞ்சி, ஆரஞ்சு வகைப் பழத்தோல், ஊறவைத்த வெள்ளரி இனக் காய், வெங்காயத்தாளின் வெண்தண்டு ஆகியவற்றோடு சேர்த்து இடித்து, கவண் உருண்டை அளவுக்கு உருட்டி, ஆட்டுக்கறிச் சாற்றில் வேகவைக்கும் முறையைத் தருகிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குறிப்பில் ‘சேர்த்து இடித்தல்’ என்பது தனிப் படியாக நிற்பது கவனத்துக்குரியது. கறியைத் துண்டாக்குவது வேறு, துண்டாக்கிய கறியைத் திரும்ப ஒன்றாக்குவது வேறு என்ற தெளிவு அன்றே இருந்திருக்கிறது.

பிற்காலச் சீன வட்டாரச் சமையல்கள் இந்த இரண்டாவது படியைத் தத்தம் வழியில் வளர்த்தன. யாங்சோ நகரம் சார்ந்த ஹுவாய்யாங் சமையலின் ‘சிங்கத்தலை’ என்னும் பெரிய பன்றிக்கறி உருண்டைக்கு, கறியை அரைப்பது குற்றமாகவே கருதப்படுகிறது. கொழுப்பும் சதையும் மாதுளை முத்து அளவுக்குக் கத்தியால் நறுக்கப்பட்டு, மேலோட்டமாகக் கொத்தப்பட்டு, பின் உப்பும் இஞ்சி-வெங்காயத்தாள் ஊறிய நீரும் சேர்த்து, கறி ஒட்டும் பதம் வரும்வரை ஒரே திசையில் கிளறப்படுகிறது; பிறகு மணிக்கணக்கில் மெல்லிய தீயில் கிடந்து, கரண்டியால் அள்ளும் மென்மையை அடைகிறது. இதற்கு நேர்மாறானது குவாங்தோங் மாகாணக் கடலோரத்துச் சாவ்சோ மாட்டிறைச்சி உருண்டை. அங்கே தொடைக்கறியை வெட்டாமல், இரண்டு கைகளிலும் இரும்புத் தடிகளைப் பிடித்து, பசைபோல் ஆகும்வரை அடித்துத் தீர்க்கிறார்கள். வெந்தபின் அந்த உருண்டை ரப்பர் பந்தைப் போலத் துள்ளுகிறது. ஒன்று கரைய வேண்டும், மற்றொன்று துள்ள வேண்டும். ஆயினும் இரண்டிலும் கறியை அதன் சொந்தப் புரதத்தாலேயே கட்டுவது பொதுவாக இருக்கிறது.

அந்தக் கட்டு எப்படி உண்டாகிறது என்பதை உணவு அறிவியல் விளக்கமாகவே சொல்கிறது. தசை நாரில் உள்ள புரதங்களுள் மிகுதியானது மயோசின். அது வெறும் நீரில் கரையாது, உப்பு நீரில் கரையும். கொத்துக்கறியில் உப்பைச் சேர்த்துப் பிசையும்போது நார்களின் வெட்டுவாயிலிருந்து மயோசின் கசிந்து, துண்டுகளைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலமாகப் பரவுகிறது. வெப்பம் 50 டிகிரி செல்சியஸைக் கடக்கும் நிலையில் அது உறைந்து, நீரையும் கொழுப்பையும் தன்னுள் பிடித்துவைக்கும் வலைபோல ஆகிவிடுகிறது. பிசையும்போது கறி குளிர்ச்சியாக இருப்பது இதற்கு இன்றியமையாதது. சூடேறினால் கொழுப்பு இளகித் துண்டுகளின்மேல் பூசிக்கொண்டு, புரதத்தோடு புரதம் ஒட்டுவதைத் தடுத்துவிடும். ஆகவே கலவை 15 டிகிரிக்கு மேல் சூடேறாமல் பார்த்துக்கொள்வது நல்லது. வெந்துகொண்டிருக்கும் உருண்டை 65 முதல் 70 டிகிரியைத் தாண்டும்போது ஆக்டின் என்னும் மற்றொரு தசைப் புரதமும் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளத் தொடங்குகிறது. மயோசின் வலை வலுவாக அமைந்த உருண்டை அந்த நெருக்கடியைத் தாங்குகிறது, அமையாதது உலர்ந்து போகிறது.

இதைப் பாத்திரத்தில் நேரில் காணலாம். அரைக் கிலோ குளிர்ந்த கொத்துக்கறியில் 5 கிராம் உப்பிட்டு விரல்களை விரித்து ஒரே திசையில் சுழற்றத் தொடங்கினால், முதலில் கறி மணி மணியாகப் பிரிந்தே நிற்கும். பாத்திரத்தின் அடியில் சற்று ஈரம் தேங்கும். ஓரிரு நிமிடங்களில் அந்த ஈரம் மறைந்து, கறியின் நிறம் சற்று வெளிறி, விரலை உயர்த்தும்போது மெல்லிய நூல்போன்ற இழைகள் கறிக்கும் விரலுக்கும் நடுவே தெரியும். இந்தக் கட்டத்தில் குளிர்ந்த நீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, ஒன்று உள்ளிழுக்கப்பட்ட பின் அடுத்ததை விட்டால், அரைக் கிலோ கறி 60 முதல் 75 மில்லி லிட்டர் வரை நீரை ஏற்றுக்கொள்ளும். கைப்பிடி கறியை எடுத்து உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் அது விழாமல் ஒட்டி நிற்பதே பதம். சீனச் சமையற்காரர்கள் இதைக் கறிக்கு ‘வலுவேற்றுதல்’ என்கிறார்கள். ஜப்பானிய வீட்டுச் சமையலிலும் கொத்துக்கறி ஒட்டும் பதம் வரும்வரை பிசையப்பட வேண்டும் என்பது பாலபாடம்.

மேற்கத்தியச் சமையல் நூல்களோ இதற்கு முற்றிலும் எதிரான அறிவுரையைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: உருண்டைக்கான கறியை அதிகம் பிசையக் கூடாது, பிசைந்தால் இறுகிவிடும். இம்முரண்பாட்டைக் கடந்து போய்விட முடியாது, ஏனெனில் ‘ஆசியப் பாணி’ உருண்டை என்னும் பண்டத்தின் சிக்கல் முழுவதும் இங்கேதான் முடிச்சிட்டுக் கிடக்கிறது. இத்தாலிய-அமெரிக்க மரபில் உருண்டையின் மென்மைக்குப் பொறுப்பேற்பது கறியின் புரதம் அன்று. பாலில் ஊறவைத்துக் குழைத்த ரொட்டி. ரொட்டியின் மாவுச்சத்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ள, கறி பொலபொலவென்று பிரிந்தே இருக்கலாம். தக்காளிச் சாற்றில் நெடுநேரம் கொதிக்கும் உருண்டைக்கு அந்தப் பொலபொலப்பே அழகு. அந்த முறையில் பிசைவதைக் குறைப்பது சரியே. கிழக்காசிய முறையில் ரொட்டி இல்லை, புரதமே நீரைப் பிடிக்கிறது. அங்கே பிசைவது கட்டாயம். இரண்டும் தத்தம் அளவில் முழுமையான முறைகள்.

பிழை நேர்வது இரண்டிலிருந்தும் பாதிப் பாதியாக எடுத்துக் கலக்கும்போதுதான். இன்று பரவலாகக் கிடைக்கும் செய்முறைகள் பலவற்றில் ரொட்டித்தூள் இருக்கிறது, ஆனால் அதை ஊறவைக்கும் பாலோ நீரோ இல்லை. உலர்ந்த தூள் கறியின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்கிறது. பிசையக் கூடாது என்ற அறிவுரை இருக்கிறது, ஆகவே மயோசின் வலையும் அமைவதில்லை. கொழுப்புக் குறைந்த கோழி மார்புக்கறியோ வான்கோழிக் கறியோ பரிந்துரைக்கப்படுகிறது, அது 200 டிகிரி சூட்டில் அவனில் வைக்கப்படுகிறது. விளைவாக உருண்டை வெடித்து, வெளியேறிய புரதச் சாறு தட்டில் வெண்ணிறத் திரளாக உறைந்து கிடக்க, உள்ளே எஞ்சுவது வறண்ட சக்கை. அதன் மேல் எவ்வளவு அருமையான பாகைப் பூசினாலும் அது வறட்சியை மறைக்கத்தான் உதவும், தீர்க்க உதவாது.

பிணைபொருள்கள், அதாவது உருண்டையை உடையாமல் காக்கச் சேர்க்கப்படும் மாவு வகைகள், பிசைமுறைக்குத் துணையாகவே கிழக்காசியாவில் பயன்படுகின்றன. ஜப்பானிலும் சீனாவிலும் உருளைக்கிழங்கு மாவுச்சத்தும், தென்கிழக்காசியாவில் மரவள்ளி மாவும் வழக்கம். உருளைக்கிழங்கு மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டியும், கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் மக்காச்சோள மாவுச்சத்து அதற்குச் சற்று மேலேயும் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. புரத வலை நீரை நழுவவிடத் தொடங்கும் வெப்பநிலையும் ஏறக்குறைய அதுவே என்பதால், நழுவும் நீரை மாவுச்சத்து ஏந்திக்கொள்கிறது. அரைக் கிலோ கறிக்கு 15 கிராம் போதும். கூடினால் உருண்டையில் மாவு நெடி வரும். ஜப்பானில் கோழிக்கறியோடு நீர் வடித்த தோஃபுவைச் சேர்ப்பதுண்டு. தமிழகத்துக் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவு செய்வதும் இதே வேலைதான், ஆனால் வறுத்த பருப்பின் மணம் சோயா பாகோடு பொருந்தாததால், இப்பண்டத்துக்கு அதைத் தவிர்ப்பதே தகும்.

இனி, உருண்டையின் மேல் பாகு பூசும் வழக்கம். உண்மையான கிழக்காசிய மரபில் அது எல்லா இடத்திலும் இல்லை. சீன உருண்டைகளில் பெரும்பாலானவை சாற்றிலோ குழம்பிலோ கிடப்பவை. பாகு பூசும் மரபு வலுவாக இருப்பது ஜப்பானில்தான். யாக்கிதோரி எனப்படும் கோழிக்கறிச் சுடுகடைகளில், கொத்திய கோழிக்கறியைக் குச்சியில் பிடித்துக் கரியடுப்பில் வாட்டி, ‘தாரே’ என்னும் பாகில் முக்கி, மீண்டும் வாட்டும் ‘ட்சுகுனே’ இதன் சிறந்த வடிவம். தாரே என்பது சோயா சாஸ், சாக்கே என்னும் அரிசி மது, மிரின் என்னும் இனிப்பு அரிசி மது, சர்க்கரை ஆகியவற்றைக் காய்ச்சிக் குறுக்கியது. பாகை ஒரேயடியாக ஊற்றாமல், மெல்லிய படலமாகப் பூசி, நெருப்பில் காயவிட்டு, அதன்மேல் அடுத்த படலத்தைப் பூசுவதில்தான் அதன் பளபளப்பு இருக்கிறது. வீடுகளில் செய்யும் ‘நிகு தாங்கோ’ எனப்படும் கறி உருண்டை வேறு வழியைக் கையாள்கிறது. அது பொரிக்கப்பட்டு, வினிகர், சர்க்கரை, சோயா சாஸ், சில வேளை தக்காளி கெட்சப் ஆகியவை சேர்ந்து மாவுச்சத்தால் கெட்டிப்பட்ட பாகில் புரட்டப்படுகிறது. 1970களிலிருந்து இது ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியில் உறைகளில் வரும் ஆயத்த உணவாகவும் இடம்பெற்றுவிட்டது.

இந்தோனேசியாவின் ‘பக்சோ பக்கார்’ அதிகம் பேசப்படாத, ஆனால் தமிழ் நாவுக்கு மிக நெருங்கிய வகை. சாற்றில் வெந்த மாட்டிறைச்சி உருண்டையைக் குச்சியில் கோத்து, பனைவெல்லம் சேர்த்துக் காய்ச்சிய ‘கெச்சாப் மானிஸ்’ என்னும் இனிப்புச் சோயா சாஸைத் தடவிச் சுடுகிறார்கள். கிழக்குச் சாவாவின் மாலாங் நகரம் இதற்குப் பெயர்பெற்றது. தாய்லாந்துத் தெருக்களில் குச்சியில் சுட்டு விற்கும் உருண்டைக்குப் புளியும் வெல்லமும் மிளகாயும் சேர்ந்த பாகு வழக்கம். கொரியாவின் தாம்யாங், குவாங்ஜு வட்டாரத்து ‘தொக்கல்பி’, விலா எலும்புக் கறியைக் கொத்தித் தட்டையாகப் பிடித்துச் சோயா பாகு பூசி வாட்டுவது. இவை எல்லாவற்றிலும் பாகு பூசப்படும்போது உருண்டை ஏற்கெனவே வெந்து, மேற்பரப்பு காய்ந்து உறுதிப்பட்டிருக்கிறது என்பது மறக்கக் கூடாத ஒற்றுமை.

அமெரிக்காவில் இப்பண்டம் உருவான வரலாற்றுக்கு இரண்டு கிளைகள் உள்ளன. ஒன்று சோயா பாகின் கிளை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஜப்பானியத் தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் சோயா பாகோடு அங்குள்ள பழுப்புச் சர்க்கரையையும் அன்னாசியையும் இஞ்சி பூண்டையும் சேர்த்துக்கொண்டன. கிக்கோமான் நிறுவனம் 1957இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் விற்பனை அமைப்பைத் தொடங்கி, 1961இல் தெரியாக்கி என்னும் இனிப்புச் சோயா பாகைப் புட்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது; 1973இல் விஸ்கான்சின் மாநிலத்தில் அதன் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. 1976இல் தோஷி கசஹாரா சியாட்டிலில் திறந்த உணவகம், இனிப்புக் கூடிய தெரியாக்கியை அந்நகரத்தின் அன்றாட உணவாக்கியது. மற்றொன்று விருந்து உருண்டையின் கிளை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே திராட்சை ஜெல்லியும் புட்டி சில்லி சாஸும் கலந்து காய்ச்சிய பாகில் கறி உருண்டைகளைப் போட்டுப் பல்குச்சியோடு பரிமாறும் வழக்கம் அமெரிக்க வீடுகளில் இருந்தது. குவாங்தோங் மரபைச் சேர்ந்த ஹொய்சின் சாஸும், வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டேவிட் டிரான் 1980இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தயாரிக்கத் தொடங்கிய ஸ்ரீராச்சா மிளகாய் சாஸும் கடைகளில் எளிதாகக் கிடைத்த காலத்தில், ஜெல்லி இருந்த இடத்தில் இவை வந்து அமர்ந்தன. உருண்டை மட்டும் பழைய இத்தாலிய-அமெரிக்க உருண்டையாகவே நீடித்தது. ‘ஆசியப் பாணி’ என்ற பெயருக்குப் பின்னால் உள்ள உண்மை நிலை இதுதான்.

இந்தியாவுக்கும் இதேபோன்ற ஒரு கண்டுபிடிப்பு உண்டு, அது அமெரிக்கப் பண்டத்தைவிடத் துணிச்சலானது. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்கலைஞர் நெல்சன் வாங், 1975இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் பணிபுரிந்தபோது, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் ஆகியவற்றை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாகச் சோயா சாஸைச் சேர்த்து, மக்காச்சோள மாவுச்சத்தால் கெட்டிப்படுத்தி உருவாக்கியது சிக்கன் மஞ்சூரியன். தமிழகத்தின் தள்ளுவண்டிகளில் அது கோபி மஞ்சூரியனாகவும், முட்டைக்கோசும் கேரட்டும் துருவிப் பிடித்த உருண்டைகளாகவும் மாறி வேரூன்றியிருக்கிறது. ‘டிரை’ என்று கேட்டு வாங்கும் மஞ்சூரியனில், பொரித்த உருண்டையை அகன்ற வாணலியில் கொதிக்கும் பாகில் சில நொடிகளே புரட்டி எடுப்பது, பாகு பூசும் கலையை நன்கறிந்த கைவேலை. வருந்தத்தக்கது, அதன் செந்நிறம் பெரும்பாலும் சாயத்திலிருந்து வருவதே. கர்நாடக அரசு 2024 மார்ச்சில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைத் தடைசெய்யும் அளவுக்கு அது முற்றியது. நன்றாகக் குறுகிய சோயா பாகின் செம்பழுப்புக்கு வண்ணப்பொடி எதுவும் வேண்டியதில்லை. அஜினமோட்டோ சேர்ப்பதும் பெரிதும் மிகையே: 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்னும் சுவைப்பொருள், நொதித்த சோயா சாஸில் இயல்பாகவே நிறைய இருக்கிறது.

பாகு உருண்டையில் ஒட்டி நிற்க இரண்டு வழிகள் உள்ளன: சர்க்கரையைக் குறுக்கிக் கெட்டியாக்குவது ஒன்று, மாவுச்சத்தால் கெட்டியாக்குவது மற்றொன்று. முன்னதில் பளபளப்பு மிகுதி, ஆனால் இனிப்பும் உப்பும் சேர்ந்து குறுகுவதால் சுவை எளிதில் எல்லை மீறிவிடும். பின்னதில் சுவையைக் கட்டுக்குள் வைக்கலாம், ஆனால் மாவு கூடினால் பாகு கூழ்போலாகி ஒளி மங்கும். வீட்டுக்கு உகந்தது இரண்டின் நடுவழி: பாதி குறுக்கி, கடைசியில் ஒரு தேக்கரண்டி மாவுச்சத்தைக் குளிர்ந்த நீரில் கரைத்து விட்டு, கலங்கல் தெளியும்வரை ஒரு கொதி கொதிக்கவைப்பது. புளிப்பான பாகில் மாவுச்சத்தை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அது நீர்த்துப்போகும், ஆகவே வினிகரை இறுதியில் சேர்ப்பதே முறை. தேன் சேர்ப்போர் அதன் இயல்பை அறிந்திருக்க வேண்டும். தேனில் ஏறக்குறைய 38 விழுக்காடு ஃபிரக்டோஸ் இருக்கிறது. சாதாரணச் சர்க்கரை 160 டிகிரிக்கு மேல் கருகத் தொடங்குமென்றால், ஃபிரக்டோஸ் 110 டிகிரியை ஒட்டியே நிறம் மாறத் தொடங்கிவிடும். தேன் பாகை முதலிலேயே பூசி அவனில் வைத்தால் வெளியே கரிந்து உள்ளே வேகாமல் போவது இதனால்தான்.

எவ்வளவு பாகு வேண்டும் என்பது செய்முறைகளில் பெரும்பாலும் தாறுமாறாகவே சொல்லப்படுகிறது, ஆனால் இது கணக்கிட்டே அறியத்தக்கது. அரைக் கிலோ கறியில் நீரும் மாவும் சேர்ந்து ஏறக்குறைய 600 கிராம் ஆகும், 3.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை சுமார் 24 கிராம் எடையுள்ளது என்பதால் 25 உருண்டைகள் வரும். ஒவ்வொன்றின் மேற்பரப்பும் 38 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; எல்லாவற்றின் மீதும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பாகு படிய, 100 மில்லி லிட்டருக்குள்ளாகவே போதும். சோயா சாஸ் 30 மில்லி லிட்டர், பொடித்த வெல்லமோ சர்க்கரையோ 40 கிராம், நீர் 60 மில்லி லிட்டர், நசுக்கிய இஞ்சி பூண்டு ஆகியவை அடுப்பில் சற்றுக் குறுகி, இறுதியில் வினிகர் 15 மில்லி லிட்டரும் சேர்ந்தால் இந்த அளவு கிடைத்துவிடும். இரண்டு கோப்பை பாகு செய்யச் சொல்லும் செய்முறையில் கிடைப்பது குழம்பேயொழியப் பூச்சு அன்று. மிரின் இல்லாத வீட்டில் அதன் இடத்தைச் சர்க்கரையும் நீரும் நிரப்பும். கருப்பட்டி சேர்த்தால் பாகு கெச்சாப் மானிஸை நெருங்கிவரும். கடைசியில் தெளிக்கும் வறுத்த எள்ளெண்ணெய்க்கு மட்டும் நல்லெண்ணெய் மாற்றாகாது, ஏனெனில் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது, இப்பாகுக்கு வேண்டிய வறுத்த மணம் அதில் இல்லை. அதைவிட, வறுத்த எள்ளை நுணுக்கித் தூவுவது நல்லது.

தமிழக வீடுகளில் இதைச் செய்வோர்க்குக் கறியைத் தேர்வதில் இரு வாய்ப்புகள் உண்டு. கோழியில் தொடைக்கறியே ஏற்றது. மார்புக்கறியில் கொழுப்பு போதாது. ஆட்டுக்கறி கொழுப்புக் குறைந்தது என்பதால், கசாப்புக் கடையில் கொத்தச் சொல்லும்போதே சிறிது கொழுப்பையும் சேர்த்துக் கொத்தச் சொல்வது அவசியம். கட்டையில் கத்தியால் கொத்தித் தரும் கடைக்காரரின் கறி, இயந்திரத்தில் அரைத்ததைவிட யாங்சோ முறைக்கு நெருங்கியது. ஞாயிறு காலையில் அறுத்த சில மணி நேரத்துக்குள் விற்கப்படும் கறிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு: தசை விறைக்கும் முன்னர் உப்புச் சேர்த்த கறியில் மயோசின் எளிதாகக் கரைகிறது, நீரையும் அது கூடுதலாகப் பிடிக்கிறது. சாவ்சோ உருண்டைக்காரர்கள் புத்தம் புதுக் கறியையே நாடுவதன் அடிப்படையும் இதுவே. வீட்டுக்கு வந்ததும் உப்பைக் கலந்து, அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு பிசைந்தால் இரண்டு பயனும் கிட்டும். மிக்ஸியில் அரைப்பதானால், பனிக்கட்டித் துணுக்குகள் இட்டு, விட்டு விட்டுச் சில நொடிகளே ஓட்ட வேண்டும். நாரோடிய கறியாக இருந்தால் அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்ப்பது காரத்தன்மையை உயர்த்தி நீர்ப்பிடிப்பைக் கூட்டும். அதற்கு மேல் போனால் சோப்புச் சுவை தட்டும்.

அவன் இல்லாதது இப்பண்டத்துக்கு ஒரு குறையே அன்று. இட்லிப் பானையில் எண்ணெய் தடவிய தட்டில் உருண்டைகளை அடுக்கி ஆவியில் வேகவைத்தால், வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாததால் மேற்பரப்பு வெடிப்பதில்லை. தட்டில் தேங்கும் சாற்றை வீணாக்காமல் பாகில் நீருக்குப் பதிலாகச் சேர்க்கலாம். பணியாரக்கல்லும் நன்கு உதவும், உருண்டை வடிவம் கெடாமல் எல்லாப் பக்கமும் சிவக்கும். ஆவியில் வெந்தவற்றை ஆறவிட்டு, ஈரம் ஒற்றியெடுத்து, மாவுச்சத்தை மெல்லிதாகத் தூவி உருட்டி, அகன்ற வாணலியில் சிறிது எண்ணெயில் சிவக்க வைப்பதே பாகு ஒட்டுவதற்கான சிறந்த ஆயத்தம். அந்த மாவுப் படலம் கொதிக்கும் பாகைத் தொட்டதும் இளகிப் பாகோடு ஒன்றாகி, வழுக்கும் கறியின்மேல் பூச்சுக்குப் பிடிமானம் தருகிறது. ஜப்பானிய வீடுகளில் சாதாரணமாகப் பின்பற்றப்படும் இச்சிறு வேலை, மேற்கத்தியச் செய்முறைகளில் அரிதாகவே காணப்படுகிறது. எந்த வழியில் வேகவைத்தாலும், கொத்தும்போது மேற்பரப்பிலுள்ள நுண்ணுயிரிகள் கறி முழுதும் பரவிவிடுவதால், உருண்டையின் நடுப்பகுதி ஆடு, மாடு, பன்றிக் கறியில் 71 டிகிரியையும் கோழியில் 74 டிகிரியையும் எட்டியாக வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது நம்பகமானதல்ல. குத்திப் பார்க்கும் வெப்பமானி இப்போது மலிவாகவே கிடைக்கிறது.

உப்பைப் பற்றிய ஒரு சிக்கல் எஞ்சியிருக்கிறது, அதுவே அக்கறையோடு கவனிக்க வேண்டியதும்கூட. புரதத்தைக் கரைக்கக் கறிக்குள் உப்பு வேண்டும். பாகுக்குச் சோயா சாஸ் வேண்டும், ஒரு மேசைக்கரண்டிச் சோயா சாஸிலோ ஏறக்குறைய 2.5 கிராம் உப்பு இருக்கிறது. கறியில் 5 கிராம், பாகில் 5 கிராம் என்று கொண்டால், நால்வர் பகிர்ந்துண்ணும்போது ஒருவருக்கு 2.5 கிராம் சேர்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கும் அளவில் இது பாதி. கறியின் உப்பைக் குறைத்தால் உருண்டையின் கட்டு தளர்ந்துவிடும் என்பதால், குறைக்க வேண்டியது பாகின் பக்கத்தில்தான்: சோயா சாஸில் ஒரு பங்கை ஆவியில் வடிந்த கறிச்சாற்றாலும், புளிக்கரைசலாலும், இஞ்சிச் சாற்றாலும் ஈடுகட்டலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பரிமாறும் வீட்டில், பாகு பூசாத உருண்டைகளைத் தனியே எடுத்துவைத்து, உப்பில்லாத வெறுஞ்சோற்றோடும் வெள்ளரிக்காயோடும் கொடுப்பது எளிது. எஞ்சியவற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்கும்போதும் உருண்டையும் பாகும் வெவ்வேறு கிண்ணங்களில் இருக்க வேண்டும். சேர்த்து வைத்தால் உப்பும் சர்க்கரையும் கறியின் நீரை வெளியே இழுத்து, மறுநாள் பாகு நீர்த்தும் உருண்டை இறுகியும் போயிருக்கும்.